மின்சார ஸ்கூட்டர் கடை: பெண்களால் முடியுமா?

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே போகும் கிரவல் வீதியோரத்தில் ஒரு சிறிய தகரக் கொட்டகை. முன்னால் இரண்டு மின்சார ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. உள்ளே பலகை மேசை, அதன் மேல் மின்னழுத்தம் பார்க்கும் மீற்றர், சாவிப் பெட்டி, கொப்பி. கடைக்காரி நாற்பதைத் தாண்டிய ஒரு அக்கா. 2009இல் கணவர் காணாமற்போனார். இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

"மிஸ், இது ஆம்பிளையளின்ர யாவாரம் எண்டு சனம் சொல்லிச்சுது. ஆனா ஓட வாறது முழுக்கப் பொம்பிளையள்தானே" என்று சிரித்தார் அவர்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியை, தையல் நிலையத்துக்குப் போகும் பிள்ளை, சந்தைக்கு மரக்கறி கொண்டு போகும் அம்மா எல்லோருக்கும் வாகனம் தேவை. நம் பெண்களுக்குச் சக்கரம் புதிதும் அல்ல. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றரியும் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளில்தான் குடும்பத்தைச் சுமந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அன்று ஒரு பற்றரிக்கு ஏங்கிய சமூகத்துப் பெண் ஒருத்தி இன்று பற்றரியில் ஓடும் வாகனம் விற்கிறார்.

எப்படித் தொடங்கியது?

2022ஆம் ஆண்டு நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவானது. பின்னர் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அக்கா அப்போது வீடு வீடாக இடியப்பம் விற்றுக்கொண்டிருந்தார். பழைய ஸ்கூட்டி முற்றத்தில் நின்றது. அயலில் ஒருவர் மாத்திரம் மின்சார ஸ்கூட்டரில் சத்தமில்லாமல் போய்வந்தார். அதைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது.

ஆனால் அவர் உடனே கடை போடவில்லை. முதலில் நகரத்து விற்பனையாளர் ஒருவரிடம் எட்டு மாதம் வேலைக்குப் போனார். சம்பளம் குறைவு. ஆனால் பற்றரி மாற்றவும், வாடிக்கையாளரோடு கதைக்கவும், பற்றுச்சீட்டு எழுதவும் அங்கேதான் பழகினார். அதன் பிறகு அதே விற்பனையாளரின் உப முகவராக இரண்டு வாகனங்களை மட்டும் காட்சிக்கு எடுத்தார். வாகனத்தின் விலையை முன்கூட்டிக் கட்டவில்லை. விற்றால் தரகு, விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று எழுத்தில் ஒப்பந்தம். கொட்டகைக்கும் கருவிகளுக்கும் மட்டுமே அவருடைய காசு போனது. அதுவும் சீட்டுக் காசு. தாலிக்கொடியை அடைவு வைக்கவில்லை.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஐந்து ஆறு ஸ்கூட்டர்களைக் கடனுக்கு வாங்கி நிறுத்துவது தொழில் தொடங்குவதாகாது. அது கடன் தொடங்குவது.

கணக்கு

அக்காவின் கொப்பியில் நான் பார்த்த முறையை உதாரணத் தொகைகளுடன் தருகிறேன். ஒரு ஸ்கூட்டருக்குத் தரகு 15,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவாகக் காணி வாடகை 12,000, உதவிக்கு வரும் பிள்ளைக்கு 20,000, மின்சாரம், தொலைபேசி, போக்குவரத்து 8,000, தேய்மானத்துக்கும் எதிர்பாராச் செலவுக்கும் 5,000. மொத்தம் 45,000. அப்படியென்றால் மாதம் மூன்று ஸ்கூட்டர் விற்றால்தான் கடை நட்டமின்றி நிற்கும். நாலாவதில்தான் வீட்டுக்கு அரிசி.

ஆனால் சில மாதங்களில் ஒன்றுகூட விற்காது. மாரி மழைக் காலத்தில் யாரும் புது வாகனம் பார்க்க வருவதில்லை. இறக்குமதிக் கொள்கையும் மாறும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. டொலர் ஏறினால் விலையும் ஏறும். ஆகவே விற்பனையை மட்டும் நம்பக்கூடாது. பிறேக் சரிசெய்தல், ரயர் ஒட்டுதல், பற்றரி பரிசோதித்தல், உதிரிப்பாகம் விற்றல் ஆகியவையே நாளாந்தச் சோற்றுக்காசு. சைக்கிளுக்குக் காற்றடிப்பதையும் அக்கா விடவில்லை. "காத்தடிக்க வாற ஆள்தான் நாளைக்கு ஸ்கூட்டர் வாங்க வாறது" என்கிறார்.

பற்றரியைப் படியுங்கள்

மின்சார ஸ்கூட்டரின் உயிர் பற்றரியில் இருக்கிறது. விலை குறைந்த வாகனங்களில் பெரும்பாலும் ஈய அமிலப் பற்றரிகள்தான். 60 வோல்ற் வாகனத்தில் 12 வோல்ற் பற்றரிகள் ஐந்து வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று பலமிழந்தாலும் முழு வாகனமும் சோர்ந்துவிடும். எனவே ஐந்தையும் தனித்தனியே மீற்றரில் அளந்து பார்க்கத் தெரிய வேண்டும். லித்தியம் பற்றரி பாரம் குறைவு, ஆயுள் கூடுதல், விலையும் கூடுதல்.

இன்னொரு விடயம். பற்றரியில் வேலை செய்யும்போது காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். உலோகக் காப்பு இரண்டு முனைகளிலும் பட்டால் தீப்பொறி பறக்கும், கை வெந்துவிடும். பழுதான ஈயப் பற்றரியை வீட்டு முற்றத்தில் வைக்க வேண்டாம். ஈயம் நஞ்சு, அது சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்கும் ஒழுங்கைச் செய்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளருக்கும் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். வாகனத்துடன் வந்த சார்ஜரையே பாவிக்க வேண்டும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் வீட்டுக்குள் சார்ஜ் போடக்கூடாது. பற்றரி முற்றாக இறங்கும்வரை ஓடக்கூடாது. ஓடாமல் நின்றாலும் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போட வேண்டும். வெள்ளத்துக்குள் இறக்கக்கூடாது.

உண்மையைச் சொல்லி விற்றல்

விளம்பரத்தில் ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீற்றர் என்று இருந்தால் அக்கா 40 என்றுதான் சொல்கிறார். பின்னால் ஒரு ஆள் ஏறினால், மணல் பாதையானால், எதிர்க்காற்று வீசினால் தூரம் குறையும். "அறுபது எண்டு சொல்லி வித்தா, நாற்பதில நிண்ட அண்டைக்கு என்னைத்தான் ஏசுவினம்."

மின்கட்டணத்தையும் மறைப்பதில்லை. 60 வோல்ற், 20 அம்பியர் மணி பற்றரியை நிரப்ப இழப்புகளோடு சுமார் ஒன்றரை அலகு மின்சாரம் போகும். மாதம் 20 தடவை சார்ஜ் போட்டால் 30 அலகு. 50 அலகு பாவிக்கும் வீடு 80 அலகாகிவிடும். 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமும் நிலையான கட்டணமும் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியிருந்தும் 40 கிலோமீற்றர் ஓட மோட்டார் சைக்கிளுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல் தேவை என்பதால் இலாபம்தான். ஆனால் தினமும் ஐந்து கிலோமீற்றர் மட்டும் போகிறவருக்கு, பின்னால் பற்றரித் தொகுதி மாற்றும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல சைக்கிளே போதும். அதையும் அக்கா வாய்விட்டுச் சொல்கிறார்.

ஒரு மாலை

நான் போயிருந்த அன்று கணவரை இழந்த ஒரு பெண் வந்தார். சந்தைக்குத் தேங்காய் கொண்டு போக ஸ்கூட்டர் வேண்டும். ஒரு நுண்கடன் நிறுவனம் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறதாம். அக்கா கொப்பியைத் திறந்தார். நாளுக்கு எத்தனை தேங்காய், காய்க்கு எவ்வளவு மிச்சம், கிழமைக் கட்டுக்காசு எவ்வளவு என்று இருவரும் இருந்து கணக்குப் பார்த்தார்கள். வருமானத்தைவிடக் கட்டுக்காசு கூட. "தங்கச்சி, இப்ப வாங்காதேங்கோ. சைக்கிளுக்குப் பின்பெட்டி அடிச்சுத் தாறன். சீட்டு விழட்டும்" என்று அனுப்பினார்.

அந்த மாதம் அதுவரை ஒரு வாகனம்தான் விற்றிருந்தது. "விட்ட தரகு நெஞ்சில குத்தத்தான் செய்யுது மிஸ். ஆனா கடன்காரர் வாசல்ல வந்து நிக்கேக்கை ஒழிச்சிருந்தவள் நானும்தான்" என்றார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. நிலைமை அவ்வளவு மோசமாக இருந்தது. கடன் இன்னும் நம் பெண்களின் வாசலில்தான் நிற்கிறது. அந்தத் தேங்காய்காரப் பெண் இன்னும் ஸ்கூட்டர் வாங்கவில்லை. ஆனால் தன் ஊர் முன்பள்ளி ஆசிரியையை அக்காவிடம் அனுப்பியிருக்கிறார்.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

• முதலில் வேலை பழகுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களில் பொருத்தமான பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள்.

• கிராம அலுவலரின் சான்றிதழுடன் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதியுங்கள். கடைக்கான அனுமதியைப் பிரதேச சபையில் கேளுங்கள்.

• மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியக்கூடிய மாதிரிகளை மட்டும் எடுங்கள். பதிய முடியாத மலிவு வாகனத்தை விற்றால் பொலிசாரிடம் நிற்கப்போவது உங்களிடம் நம்பி வாங்கிய பெண்தான். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தலைக்கவசம் பற்றியும் அவருக்கு விளக்குங்கள்.

• பற்றரி, மோட்டோர், கொன்ட்ரோலர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

• கடைக்காசையும் வீட்டுக்காசையும் கலக்காதீர்கள். இரண்டு கொப்பி வையுங்கள்.

• தனியே முடியாவிட்டால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் மூன்று பேர் சேர்ந்து தொடங்குங்கள். யார் எவ்வளவு காசு போட்டார், யாருக்கு என்ன வேலை என்பதை முதல் நாளே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

நான் விடைபெறும்போது அக்காவின் மூத்த மகள் பாடசாலை விட்டு வந்து, மீற்றரை எடுத்து ஒரு பற்றரியை அளந்துகொண்டிருந்தாள். "பன்னிரண்டு தசம் ஆறு அம்மா" என்றாள். "எழுதி வை பிள்ளை" என்றார் தாய்.

பெரிய கடை அல்ல அது. ஆனால் அந்தக் கொட்டகை வாசலில் கடன்காரர் எவரும் நிற்பதில்லை. நம் பெண்கள் தொடங்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் அதுதான் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.