சிங்கத்தின் காதோரம் ஒரு வெள்ளைக் கீற்று

பாலக்கரையில் ஜெர்சி அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். போன கோடையில் ஒரே வாரத்தில் இரண்டு டென்னிஸ் பால் கிரிக்கெட் டீம்கள் வந்தன. பெயரில் ஒரே எழுத்துதான் வித்தியாசம். லோகோ இரண்டிலும் உறுமுகிற சிங்கம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன், இரண்டு சிங்கத்துக்கும் இடது காதோரம் அதே வெள்ளைக் கீற்று. யாரோ பின்னணியைச் சரியாக வெட்டாமல் நெட்டில் போட்ட படத்தை இரண்டு பேருமே எடுத்திருக்கிறார்கள். சிங்கம் இருவருக்குமே சொந்தமில்லை!

இரண்டு டீமும் ஆடிய டோர்னமென்டின் பரிசளிப்பில் மைக்கில் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு கேப்டன்களும் மேடையேறிவிட்டார்கள். மறுநாள் காலையில் சண்டை என் கடை வாசலுக்கு வந்தது. "அண்ணே, நாங்கதான் முதல்ல வச்சோம். நீங்களே சொல்லுங்க."

கோர்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கும். இரண்டு பெயரையும் அருகருகே வைத்து எழுத்தெண்ணுவதில்லை. அரைகுறை ஞாபகத்தோடு வரும் சாதாரண ஆள் ஒன்றை மற்றதென்று நம்பிவிடுவாரா என்று பார்ப்பார்கள். அடுத்தது, முதலில் புழங்கியவர் யார்.

டீம் பெயரை 1999ஆம் ஆண்டு வர்த்தகக் குறிகள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். உடைகள் 25ஆம் வகுப்பு, விளையாட்டு 41. நமக்குப் பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில். பதிவு செய்யாவிட்டாலும் எல்லாம் போய்விடாது. முன்பிருந்தே தொடர்ந்து புழங்கி வருபவரை, பின்னால் வந்து பதிவு செய்தவர் தடுக்க முடியாதென்று 34ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் இது வியாபாரச் சட்டம். ஜெர்சி விற்பனை, டிக்கெட், ஸ்பான்சர் என்று பணம் புழங்கும் டீமுக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக் கதையை அந்தப் பையன்களுக்குச் சொன்னேன். அங்கே 2013 முதல் 'கார்டியன்ஸ்' என்ற பெயரில் ஒரு ரோலர் டெர்பி டீம், சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஆடுகிற சின்ன டீம், இருந்தது. 2021 ஜூலையில் அதே ஊரின் பெரிய பேஸ்பால் கிளப், 'இந்தியன்ஸ்' என்ற பழைய பெயரை விட்டுவிட்டு 'கார்டியன்ஸ்' ஆகப்போவதாக அறிவித்தது. அந்தப் பெயருக்கான விண்ணப்பத்தை ஏப்ரலிலேயே, யார் கண்ணிலும் படாமல் மொரீஷியஸில் போட்டு வைத்திருந்தது. சின்ன டீம் அஞ்சவில்லை. அக்டோபரில் வழக்குப் போட்டது, நவம்பரில் சமரசம். இருவருமே அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. எனக்கு அந்தச் சின்ன டீமை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. அவர்களிடம் இருந்தது பணமல்ல, எட்டு வருஷம் அந்தப் பெயரில் ஆடிய தடம்.

அதனால்தான் என்னிடம் வரும் ஒவ்வொரு டீமிடமும் சொல்கிறேன்: டோர்னமென்ட் நோட்டீஸ், ஜெர்சி பில், தேதியோடு போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பையன்களை உட்காரவைத்துவிட்டுப் பரணிலிருந்து பழைய பில் புக்குகளை இறக்கினேன். 2016இல் பதினான்கு ஜெர்சி, நீலம், முதல் டீமின் பெயர். கார்பன் நகல் மங்கியிருந்தது, தேதி தெரிந்தது. இன்னொரு டீம் கேப்டன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தான்.

"சரிண்ணே. எங்களுக்கு வேற பேர் எழுதிக்கோங்க. சிங்கமும் வேண்டாம்."

"அப்ப எங்களுக்கும் வேற படம் வரைஞ்சு குடுங்கண்ணே" என்றான் மற்றவன்.