சுரப்பி நீங்கிய பின் சிறுநீரகம்

மனித உடம்பின்கண் அளவாற் சிறியனவாயினும் ஆற்றலாற் பெரியனவாகிய உறுப்புகள் சில உள. அவற்றுள் ஒன்று, கழுத்தின் முன்புறத்தே மூச்சுக்குழலைத் தழுவிக் கிடக்கும் தைரொயிட்டுச் சுரப்பியாகும். கேடயச் சுரப்பி எனவும் இதனை வழங்குவர். வளர்ந்தோரிடத்து இதன் நிறை ஏறக்குறைய 20 கிராம் மட்டுமே. உணவிலுள்ள அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்கிக் குருதியிற் கலப்பது இதன் தொழில். இதயத்தின் துடிப்பு, உடலின் சூடு, குடலின் அசைவு, சிந்தையின் விரைவு ஆகிய யாவும் அவ்வோமோனின் அளவைப் பொறுத்தனவே.

கழலை, புற்றுநோய், மிகைச் சுரப்பு முதலியவை காரணமாக இச்சுரப்பியைச் சத்திரசிகிச்சையால் நீக்க நேர்கின்றது. இலங்கையிற் பெண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் தைரொயிட்டுப் புற்றுநோய் முன்வரிசையில் உள்ளது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கழுத்தடியில் தழும்புடன் நாள்தோறும் குளிகை உண்டு வாழ்வோர் உளர். ஆயுள் முழுவதும் உண்ணும் குளிகை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாதோ என்பது இத்தகையோரிடை எழும் ஐயம். வட மத்திய மாகாணத்து உழவரிடையே காரணம் தெளியப்படாத சிறுநீரக நோய் 1990களில் இனங்காணப்பட்டது முதல், சிறுநீரகம் என்ற சொல்லே அச்சந் தருவதாயிற்று. ஆதலின் இவ்வையத்தை ஆராய்தல் பயனுடைத்து.

சுரப்பி முற்றாக நீங்கினால் விளைவது யாது என்பதை உலகுக்கு முதலில் தெளிவாக உணர்த்தியவர்களுள் ஒருவர், சுவிற்சர்லாந்தின் பேண் நகரத்துச் சத்திரவைத்தியர் தியோடோர் கோக்கர். சுரப்பி முழுவதும் அகற்றப்பெற்றோர் பலர் முகம் வீங்கி, குளிரால் நடுங்கி, அறிவு மந்தித்து வாடியதை அவர் 1883 இல் அறிவித்தார். இத்துறை ஆராய்ச்சிக்காக 1909 இல் நோபல் பரிசு அவர்க்குக் கிடைத்தது. 1891 இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் மறே, செம்மறியாட்டுச் சுரப்பியின் சாற்றை ஊசிவழி செலுத்தி, சுரப்புக் குன்றிய பெண்ணொருத்தியின் நோயைத் தணித்தார். அவள் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். 1914 ஆம் ஆண்டு நத்தார் நாளில் எட்வேட் கெண்டல் தைரொட்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927 இல் ஹரிங்டனும் பாகரும் அதனைச் செயற்கையாக ஆக்கினர். எனவே, இன்று உண்ணப்படும் குளிகை உடலுக்குப் புறம்பான நஞ்சன்று. உடல் தானே ஆக்கி வந்த பொருளின் மறுபடியே ஆகும்.

அயடீன் கலந்த உப்பும் கடல் மீனும் குளிகைக்கு ஈடாகா. இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்க்கப்பட்டு வருவது கழலையைத் தடுத்தற் பொருட்டு. சுரப்பியே இல்லாதவர்க்கு அயடீன், நெய்வோன் அற்ற தறிக்கு நூல் கொடுத்தது போலாம்.

இது நிற்க. தைரொட்சின் குறைந்தால் இதயம் வெளித்தள்ளும் குருதி குறைகின்றது, சிறுநீரகத்தை அடையும் குருதியும் குறைகின்றது, வடிகட்டல் தளர்கின்றது. அதன் விளைவாகக் குருதியிற் கிரியாற்றினின் என்னும் கழிவுப்பொருள் உயரலாம். முகமும் இமையும் வீங்குதலுங் கூடும். இவற்றைக் காண்போர் சிறுநீரக நோயே வந்ததென மருளுவர். குளிகைமேற் பழி சுமத்துவர். பின் அதனைக் கைவிடுவர். குளிகை போதாமையால் விளைந்த கேட்டுக்குக் குளிகையையே நிறுத்துதல், நீரின்றி வாடும் பயிருக்கு வாய்க்காலை அடைத்தலை ஒக்கும்.

இதற்குச் சான்றும் உண்டு. புற்றுநோய்க்காகச் சுரப்பி நீக்கப்பெற்றோர் சிலருக்குக் கதிரியக்க அயடீன் கொடுப்பதன்முன், வைத்தியர் கண்காணிப்பில் தைரொட்சின் சில வாரம் நிறுத்தப்படுவதுண்டு. அக்காலத்தில் அவர்தங் கிரியாற்றினின் உயர்தலும், குளிகை மீண்டபின் தாழ்தலும் கண்டறியப்பட்டுள்ளன. ஆயினும் கிரியாற்றினின் உயர்வு யாவும் இக்காரணத்தால் மட்டுமே எனக் கொள்ளலாகாது. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் சிறுநீரகத்தை உண்மையாகவே சிதைப்பன. தைரொயிட்டுச் சோதனையையும் சிறுநீரகச் சோதனையையும் ஒருங்கு வைத்து நோக்குதலே முறையாம்.

நிறுத்தினோர் ஏமாறுதற்கு வேறோர் ஏதுவும் உண்டு. தைரொட்சின் குருதியிற் பாதியாகக் குறைதற்கு ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். ஆதலின் நிறுத்திய முதல் வாரத்தில் பெருமாற்றந் தோன்றாது; “குளிகையின்றியும் நலமே” என்ற எண்ணம் வலுப்பெறும். சோர்வும் வீக்கமும் வாரங்கள் கழிந்தே வரும். அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துக் குருதியைச் சோதிப்பதும் இதுபற்றியே.

அங்ஙனமாயின் சுரப்பி நீங்கியோரின் சிறுநீரகத்துக்கு மருந்தால் இடரே இல்லையோ எனின், உண்டு. அது வேறு வழியில் வருவது. தைரொயிட்டின் பின்புறத்தே நெல்மணி அளவின பரதைரொயிட்டுச் சுரப்பிகள் பெரும்பாலும் நான்கு உள. சத்திரசிகிச்சையில் அவை ஊறுபட்டால் குருதியிற் கல்சியம் தாழும், விரல்நுனியும் உதடும் விறைக்கும், தசை இழுக்கும். அதற்குக் கல்சியமும் உயிர்ச்சத்து டீயும் கொடுப்பர். பரதைரொயிட்டு ஓமோன் உள்ளபோது சிறுநீரகம் கல்சியத்தை மீட்டுக்கொள்ளும். அஃதில்லாதபோது கல்சியம் சிறுநீரிற் பெருகிக் கழியும். அளவு மிகின் சிறுநீரகத்திற் கல்லும் சுண்ணப் படிவும் உண்டாகும். வயல்வெளியில் வெயிலில் உழைத்து நீர் குறைவாய் அருந்துவோர்க்கு இவ்விடர் மேலும் பெரிது. ஆதலின் குருதிக் கல்சியத்தை மிக உயர்த்தாது, இயல்பின் கீழெல்லையை ஒட்டி வைத்திருப்பதே வைத்தியரின் நோக்கம். கல்சியக் குளிகையைத் தம் விருப்பப்படி கூட்டுதலும், சோதனையின்றி ஆண்டுக்கணக்கில் தொடர்தலுந் தகா. தசைநோவுக்கு வலிநீக்கிகளைத் தாமே வாங்கி இடைவிடாது உண்பதும் சிறுநீரகத்துக்குத் தீங்கு; அந்நோவு தைரொட்சின் குறைவாலும் வரக்கூடும்.

குளிகை உண்ணும் முறையும் அறியத்தக்கது. காலையில் வெறுவயிற்றில் நீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே பால் தேநீரோ கோப்பியோ உணவோ கொள்ளல் வேண்டும். கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொட்சின் குடலில் உறிஞ்சப்படுவதைத் தடுப்பன. அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்று மருந்தையும் ஒரு கைப்பிடியில் விழுங்குவோர், மருந்து உண்டும் உண்ணாதவரே ஆவர். வெப்பமும் ஈரமும் ஒளியும் இக்குளிகையின் வீரியத்தைக் குறைக்கும். வாவிக்காற்றின் ஈரமும் கோடை வெப்பமும் மிக்க இந்நிலத்தில், அடுப்படித் தட்டில் திறந்து வைத்தல் தவறு. விரத நாளிலும் வைத்தியரைக் கேளாது குளிகையை விடலாகாது. 2022 இல் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டதை நினைந்து, முடியும் நாளுக்கு முன்னரே அடுத்த மாதக் குளிகையைப் பெற்று வைத்தல் அறிவுடைமை.

கிளினிக் கொப்பியில் தைரொயிட்டு, கல்சியம், கிரியாற்றினின் ஆகிய மூன்றன் அளவுகளும் நாளிட்டுப் பதியப்பட்டிருத்தல் வேண்டும். படுவான்கரைக் கிராமத்திலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் வரும் தாய்க்கு அக்கொப்பியின் எண்கள் வெறுங் குறிகளாகத் தோன்றலாம். அவற்றை அவளுக்கு வாசித்துப் பொருள் விளக்குதல் கல்லூரியிற் பயிலும் அவள் மகனால் இயல்வதே. அச்சத்தால் நிறுத்தப்படும் குளிகை ஒன்றையேனும் அக்கல்வி தடுக்குமாயின், அது பயன்பட்ட கல்வியாம்.