ஆறு மைல் சதுரத்தில் ஓர் ஊராட்சி

அமெரிக்காவில் 'டவுன்ஷிப்' என்றால் நகரம் என்று எண்ணிவிடக் கூடாது. மினசோட்டா போன்ற வேளாண் மாநிலங்களில் அது பெரும்பாலும் வயல்களும் பண்ணை வீடுகளும் நிறைந்த நாட்டுப்புறப் பகுதியாகும். சில நூறு பேரே வாழும் டவுன்ஷிப்புகள் பல உண்டு. அவர்களே கூடி வரி விதித்துத் தங்கள் சாலைகளைப் பராமரித்துக்கொள்கிறார்கள்.

நில அமைப்பு

இதற்கு அடிப்படை 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம். ஓஹையோவின் கிழக்கு எல்லையில் தொடங்கிய அளவைப்படி, பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 'செக்‌ஷன்'கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். நிலத்தை அளந்தது 66 அடி நீளமுள்ள கன்டர் சங்கிலி. நம் நாட்டு நில அளவையிலும் பயன்பட்ட சங்கிலிதான் அது. 80 சங்கிலி ஒரு மைல். ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட்.

1796 முதல் செக்‌ஷன்களுக்கு எண் இடும் முறை மாறியது. வடகிழக்கு மூலையில் 1இல் தொடங்கி மேற்கே சென்று, ஏர் மாடு வரப்பில் திரும்புவது போல அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். மினசோட்டாவில் 16, 36ஆம் எண் செக்‌ஷன்கள் பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்டன. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிரிட்டவர்களுக்குக் கால் செக்‌ஷன், அதாவது 160 ஏக்கர் வரை சொந்தமாயிற்று. பண்ணைச் சாலைகள் பல செக்‌ஷன் எல்லைக் கோடுகளிலேயே அமைந்தன.

பூமி உருண்டையாதலால் வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். எனவே சதுரம் முழுமையாக அமைவதில்லை. வரும் கூடுதல் குறைவை வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் சேர்த்துவிடுவார்கள்.

இந்த நிலம் யாருக்கும் உரிமையின்றிக் கிடந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். தென் மினசோட்டாவின் பெரும்பகுதி டக்கோட்டா மக்களுடையது. 1851ஆம் ஆண்டு உடன்படிக்கைகளின் மூலம் அவர்களிடமிருந்து பெறப்பட்ட பின்னரே குடியேற்றம் பெருகியது.

நிர்வாகம்

மினசோட்டாவில் 1,700க்கு மேற்பட்ட டவுன்ஷிப்புகள் உள்ளன. வழக்கமாக மூன்று மேற்பார்வையாளர்கள், ஓர் எழுத்தர், ஒரு பொருளாளர் ஆகியோர் நிர்வாகத்தைக் கவனிப்பர். ஆண்டுதோறும் மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம் நடைபெறும். வாக்குரிமை உள்ள எவரும் அதில் பேசலாம், வாக்களிக்கலாம். எவ்வளவு சொத்து வரி வசூலிப்பது என்பதை அங்கே கூடியவர்களே முடிவு செய்கிறார்கள். மாவட்டம் போன்ற 'கவுன்ட்டி' அதை வசூலித்துக் கொடுக்கும்.

வருவாயில் பெரும்பங்கு சரளைச் சாலைக்கே செலவாகிறது. கோடையில் மேடு பள்ளம் நிரவ வேண்டும். குளிர்காலத்தில் பனியை அகற்ற வேண்டும். பக்கத்துப் பண்ணைகளிடையே எல்லை வேலித் தகராறு வந்தால், நேரில் பார்த்து முடிவு சொல்வதும் மேற்பார்வையாளர்களே. தீங்கு தரும் களைகளை நில உரிமையாளர் அழித்திருக்கிறாரா என்று பார்க்கும் களை ஆய்வாளர் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு. ஒருவர் நிலத்துக் களை விதை அடுத்தவர் நிலத்தில் விழும் என்பதால் இது ஊர்ப் பொறுப்பாயிற்று.

எதிர்நோக்கும் சிக்கல்

பண்ணைகள் பெரிதாகின்றன, குடும்பங்கள் குறைகின்றன. ஆனால் சாலையின் மைல் குறையவில்லை. அறுவடை இயந்திரங்களும் தானிய லாரிகளும் முன்னைவிடக் கனமானவை. பாலம் ஒன்று பழுதானால் அதன் சுமை சில வீடுகளின் மீது விழுகிறது. ஊரார் வாக்களித்து டவுன்ஷிப்பைக் கலைத்துவிடச் சட்டத்தில் இடமுண்டு. அப்போது சாலைப் பொறுப்பு கவுன்ட்டிக்குச் செல்லும். எந்தச் சாலைக்கு முதலில் சரளை என்பதைத் தொலைவில் உள்ளவர்கள் முடிவு செய்வார்கள்.

எனவே, மார்ச் மாதக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த ஆறு மைல் சதுரத்தின் ஆட்சி நிலைக்கிறது.