வரிசைக் காதல் புதினப் பதிப்பு

வரிசைக் காதல் புதினம் என்பது ஒரே வரிசைப் பெயரும் ஏறத்தாழ ஒரே அளவும் ஒரே வகை அட்டையும் கொண்டு, மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தொடர்ந்து வெளியிடப்படும் ஆங்கிலக் காதல் புதினத்தைக் குறிக்கும். ஒரு வரிசையில் வரும் நூல்கள் பொதுவாகக் கதையால் தொடர்புடையவை அல்ல. இலண்டனில் தோன்றிய மில்ஸ் அண்ட் பூன், கனடாவில் தோன்றிய ஹார்லெக்வின் ஆகிய பதிப்பகங்களின் நூல்கள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. 1971 முதல் இவ்விரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

எழுத விரும்பும் புதியவர்களுக்கு இத்துறை ஒரு காரணத்தால் முக்கியமானது. ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் இலக்கிய முகவர் வழியாக வரும் படிகளை மட்டுமே ஏற்றுப் பார்க்கின்றன. வரிசைக் காதல் புதினப் பதிப்பகமோ முன்பின் அறியாத ஒருவர் நேரே அனுப்பும் கையெழுத்துப்படியையும் படிக்கிறது. இதைப் பதிப்பகத்தின் தாராள மனம் என்று கொள்ள வேண்டியதில்லை. மாதந்தோறும் நிரப்ப வேண்டிய இடங்கள் இருக்கின்றன. பழைய எழுத்தாளர்களை மட்டும் கொண்டு அவற்றை நிரப்ப முடியாது. புதியவருக்குக் கதவைத் திறந்து வைக்கும் இந்த மாதக் கணக்கே அவருக்குக் கிடைக்கும் ஒப்பந்த விதிகளையும் பெருமளவு தீர்மானிக்கிறது.

வரலாறு

மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் 1908ஆம் ஆண்டில் ஜெரால்ட் மில்ஸ், சார்ல்ஸ் பூன் ஆகிய இருவரால் இலண்டனில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் இது எல்லாவகை நூல்களையும் வெளியிட்டது. ஜாக் இலண்டன், பி. ஜி. வுட்ஹவுஸ் போன்றோரின் நூல்களும் அதன் பட்டியலில் இடம்பெற்றிருந்தன என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கக்கூடும். 1930களில் பிரித்தானியாவில் இரண்டு பென்னிக்கு நூல்களை வாடகைக்கு விடும் கடைகள் பெருகின. அங்கே வந்த பெண் வாசகர்கள் ஒரு காதல் கதையை முடித்ததும் அதே போன்ற மற்றொன்றைக் கேட்டனர். எழுத்தாளரின் பெயரைவிடப் பதிப்பகத்தின் பெயரை நினைவில் வைத்துக் கேட்டனர். பதிப்பகம் பிறவகை நூல்களைக் கைவிட்டுக் காதல் கதைகளுக்கு மாறியது இக்காலத்திலேயே ஆகும். பெயரைக் காட்டிலும் வரிசையே விற்கும் என்ற இத்துறையின் அடிப்படையும் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஹார்லெக்வின் 1949இல் கனடாவின் வினிப்பெக் நகரில் மலிவு விலை மறுபதிப்புகளை வெளியிடும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. 1957 முதல் மில்ஸ் அண்ட் பூன் கதைகளை வட அமெரிக்காவில் மறுபதிப்புச் செய்தது; 1971இல் மில்ஸ் அண்ட் பூனையே விலைக்கு வாங்கியது. 2014இல் நியூஸ் கார்ப் குழுமம் 455 மில்லியன் கனேடிய டாலருக்கு ஹார்லெக்வினை வாங்கி, தனது ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகத்தின் ஒரு பிரிவாக்கியது.

அமெரிக்க எழுத்தாளர்களுக்கு இக்கதவு திறந்த விதம் தனியே குறிப்பிடத்தக்கது. 1970களில் ஹார்லெக்வின் நூல்களின் பெரிய சந்தையாக ஐக்கிய அமெரிக்கா விளங்கியபோதும், எழுதியவர்களில் பெரும்பாலோர் பிரித்தானியரும் பிற பொதுநலவாய நாட்டவருமே. ஜேனட் டெய்லி என்ற அமெரிக்கர் ஒருவர் மட்டும் அப்பட்டியலில் புகழ்பெற்றிருந்தார். நோரா ராபர்ட்ஸ் 1979இல் எழுதத் தொடங்கித் தமது படிகளை அனுப்பியபோது, தங்களிடம் ஏற்கனவே ஓர் அமெரிக்க எழுத்தாளர் இருப்பதாகப் பதில் வந்தது எனப் பிற்காலத்தில் கூறியுள்ளார். இதற்கிடையில் ஹார்லெக்வின் தன் நூல்களை அமெரிக்காவில் விநியோகித்து வந்த சைமன் அண்ட் சூஸ்டர் நிறுவனத்துடனான ஏற்பாட்டை முறித்துக்கொண்டது. அந்நிறுவனம் போட்டியாக 1980இல் சில்லவெட் என்ற வரிசையைத் தொடங்கியது. புதிய வரிசைக்கு உடனடியாகப் படிகள் தேவைப்பட்டன. மறுக்கப்பட்டுக் கிடந்த அமெரிக்க எழுத்தாளர்கள் அங்கே சென்றனர். நோரா ராபர்ட்ஸின் முதல் நூல் 1981இல் சில்லவெட் வெளியீடாக வந்தது. அவர் பின்னர் உலகில் மிக அதிகமாக விற்பனையாகும் எழுத்தாளர்களுள் ஒருவரானார். 1984இல் சில்லவெட்டையும் ஹார்லெக்வினே வாங்கிவிட்டது. இரு நிறுவனங்கள் போட்டியிட்ட அந்தச் சில ஆண்டுகள் புதிய எழுத்தாளர்களுக்குப் பொற்காலம் எனலாம்.

வரிசைகளும் அளவும்

ஒவ்வொரு வரிசைக்கும் சொல்லெண்ணிக்கை, கதைக்களம், காமச் சித்திரிப்பின் அளவு ஆகியவை பற்றிய வரையறைகளைப் பதிப்பகம் வெளிப்படையாக அறிவிக்கிறது. செல்வந்த நாயகர்களும் பகட்டான சூழலும் கொண்ட பிரசன்ட்ஸ் வரிசை ஏறத்தாழ 50,000 சொற்களைக் கேட்கிறது. வரலாற்றுக் காதல் வரிசை அதைவிட நீளமான கதைகளை ஏற்கிறது. மருத்துவமனைக் கதைகளுக்கும் துப்பறியும் கதை கலந்தவற்றுக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. காதலர் இணையும் மகிழ்ச்சியான முடிவு எல்லா வரிசைக்கும் பொதுவான விதி. வரிசைகள் நிலையானவையும் அல்ல: 1980இல் தொடங்கிய சூப்பர்ரொமான்ஸ் வரிசை 2018இல் நிறுத்தப்பட்டது. பழைய நூல்களைப் பார்த்து எழுதுவோர், மூடப்பட்ட வரிசைக்கு உழைத்து ஏமாறுவது உண்டு.

விதிகள் இருப்பதால் இவை வாய்பாட்டின்படி எழுதப்படுபவை என்றொரு கருத்து பரவலாக உள்ளது. முடிவு முன்பே தெரிந்த கதையில் வாசகரை இருநூறு பக்கங்கள் இழுத்துச் செல்வது எளிதன்று என்பதை இக்கருத்துடையோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. இணையப் போகிறார்கள் என்பது தெரியும். எப்படி இணைய முடியும் என்பதே கேள்வி. பதிப்பாசிரியர்கள் 'முரண்' என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதனையே. முரண் இருவகைப்படும். சொத்து வழக்கு, குடும்பப் பகை, தொலைவு போன்றவை புறமுரண். ஒருவர் தம்மைப் பற்றியோ அன்பைப் பற்றியோ கொண்ட நம்பிக்கையால் எழுவது அகமுரண். குறுகிய வரிசைப் புதினத்தைத் தாங்கி நிற்பது அகமுரண்தான். நாயகன் மற்றொரு பெண்ணுடன் பேசுவதைக் கண்டு நாயகி தவறாக எண்ணிப் பிரிகிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை பத்தாம் பக்கத்திலேயே முடிந்திருக்கும். புதியவர்களின் படிகளில் காணப்படும் பெரிய குறை இத்தகைய முரணே.

படி அனுப்புதல்

முன்னாளில் கையெழுத்துப்படி அஞ்சலில் அனுப்பப்பட்டது. திருப்பியனுப்புவதற்கான அஞ்சல் தலையையும் உடன் வைக்க வேண்டும். இப்போது இணையவழிப் படிவம் மூலம் அனுப்பப்படுகிறது. வரிசையைப் பொறுத்து முழுப் படியோ முதல் சில அத்தியாயங்களோ கேட்கப்படும். அவற்றுடன் ஒரு கடிதமும் கதைச்சுருக்கமும் இருக்க வேண்டும். கடிதத்தில் எந்த வரிசைக்கு எழுதப்பட்டது, எத்தனை சொற்கள், முழுமையாக எழுதி முடிக்கப்பட்டதா என்பவை தெளிவாக இருந்தால் போதும்.

கதைச்சுருக்கம் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. அது நூலின் பின்னட்டையில் வரும் விளம்பர வாசகம் அன்று. முடிவை மறைத்து ஆவலைத் தூண்டும் வகையில் அதனை எழுதக்கூடாது. இருவருக்கும் இடையே தடையாக இருப்பது எது, அது எந்த இடத்தில் எவ்வாறு உடைகிறது என்பதைப் பதிப்பாசிரியர் அதிலிருந்தே தெரிந்துகொள்கிறார். நடை முதல் அத்தியாயத்தில் தெரிந்துவிடும். கதை நிற்குமா என்பது சுருக்கத்தில்தான் தெரியும்.

பதில் வரப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பதில்களையும் ஒரே தன்மையினவாகக் கருதக்கூடாது. அச்சடித்த மறுப்புக் கடிதம் ஒன்று. குறைகளைப் பெயரிட்டுச் சொல்லும் மறுப்பு மற்றொன்று. வேலை நெருக்கடிக்கு இடையில் பதிப்பாசிரியர் நேரம் ஒதுக்கி எழுதியிருக்கிறார் என்பதால் இது ஊக்கமளிக்கத்தக்கது. மூன்றாவது, திருத்தி மீண்டும் அனுப்புமாறு கேட்கும் கடிதம். இதனை மறுப்பாக எண்ணிச் சோர்ந்து படியைப் பெட்டியில் வைத்துவிடுவோர் உளர். உண்மையில் வரிசைப் புதினங்களில் முதல் நூல்கள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட திருத்தங்களுக்குப் பிறகே ஏற்கப்படுகின்றன.

ஒப்பந்தம்

படி ஏற்கப்பட்டால் முன்பணமும், விற்பனையைப் பொறுத்து ராயல்டியும் வழங்கப்படும். முன்பணம் பொதுவாகத் தவணைகளாகத் தரப்படுகிறது. நூல் ஈட்டும் ராயல்டி முன்பணத்தைத் தாண்டிய பின்னரே மேலும் பணம் வரும். அச்சு நூல் கடையில் ஏறத்தாழ ஒரு மாதமே இருக்கும். அடுத்த மாத நூல்கள் வந்ததும் விற்காத படிகள் அகற்றப்படுகின்றன. இவ்வாறு கழிக்கப்பட்ட நூல்களின் அளவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: இங்கிலாந்தில் எம்6 சுங்கச் சாலை அமைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 25 இலட்சம் மில்ஸ் அண்ட் பூன் நூல்கள் கூழாக்கப்பட்டுத் தார்க் கலவையில் சேர்க்கப்பட்டதாக 2003இல் செய்தி வெளியானது. இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட நூலால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் வருவாய், மொழிபெயர்ப்பு உரிமையையும் மறுபதிப்பையும் மின்னூலையும் பெரிதும் சார்ந்துள்ளது. எனவே ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் உள்ள முன்பணத் தொகையைக் காட்டிலும் பின்பக்கங்களில் உள்ள உரிமைப் பிரிவுகளே கவனமாகப் படிக்க வேண்டியவை.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கைக் கூறலாம். 2012இல் மூன்று எழுத்தாளர்கள் தமக்காகவும் பிறருக்காகவும் நியூயார்க்கில் ஹார்லெக்வின் மீது வழக்குத் தொடுத்தனர். 1990 முதல் 2004 வரையிலான ஒப்பந்தங்களில் மின்னூலுக்கெனத் தனிப் பிரிவு இல்லை. பிற உரிமைகளில் பதிப்பாளர் பெறும் நிகரத் தொகையில் பாதி எழுத்தாளருக்கு என்ற பொதுப் பிரிவே அவற்றுக்குப் பொருந்தியது. ஒப்பந்தத்தில் பதிப்பாளர் என்று குறிக்கப்பட்டது சுவிட்சர்லாந்திலிருந்த துணை நிறுவனம். அத்துணை நிறுவனம் மின்னூல் உரிமையைத் தாய் நிறுவனத்துக்கு அட்டை விலையில் 6 முதல் 8 விழுக்காட்டுக்கு அளித்தது. அதில் பாதியான 3 முதல் 4 விழுக்காடு மட்டுமே எழுத்தாளருக்கு வந்தது என்பது அவர்களது வாதம். 8 டாலர் விலையுள்ள மின்னூலில் இது 24 முதல் 32 சென்ட் வரை ஆகும். தாய் நிறுவனம் அந்நூலுக்கு 4 டாலர் பெற்றதாகக் கொண்டு அதில் பாதியைக் கணக்கிட்டால் 2 டாலர். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்த வழக்கின் ஒரு பகுதிக்கு 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. 2016இல் 41 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் இணக்கம் ஏற்பட்டது. வழக்கு முழுவதும் 'பதிப்பாளர்' என்ற ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே நடந்தது.

புனைபெயரும் கவனிக்க வேண்டியது. முற்காலத்தில் ஹார்லெக்வின் ஒப்பந்தங்களில் எழுத்தாளரின் புனைபெயர் பதிப்பகத்தின் வசம் இருந்தது. வேறு பதிப்பகத்துக்குச் செல்பவர் தம் வாசகர்கள் அறிந்த பெயரை விட்டுவிட்டே செல்ல வேண்டியிருந்தது. எழுத்தாளர் சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு இம்முறை மாறியது.

எழுத்தாளர் சங்கங்கள்

ஐக்கிய இராச்சியத்தின் காதல் புதின எழுத்தாளர் கழகம் 1960இல் தொடங்கப்பட்டது. புதிய எழுத்தாளர்களுக்கென இது நடத்தும் திட்டத்தில், நூல் வெளியாகாத உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு படியை அனுப்பலாம். அனுபவமுள்ள எழுத்தாளர் ஒருவர் அதனைப் படித்து விரிவான அறிக்கை தருவார். படித்தவர் யார் என்பது தெரிவிக்கப்படுவதில்லை. முகம் பார்க்காமல் சொல்லப்படும் கருத்து என்பதால் நண்பர்களின் பாராட்டைவிட இது பயனுள்ளது. இடங்கள் குறைவானவை, விரைவில் நிறைந்துவிடும்.

அமெரிக்கக் காதல் புதின எழுத்தாளர் சங்கம் 1980இல் ஹூஸ்டன் நகரில் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் முதன்மையானவர் விவியன் ஸ்டீபன்ஸ் என்ற கறுப்பினப் பதிப்பாசிரியர். வெளியாகாத படிகளுக்கும் பரிசளித்து, பதிப்பாசிரியர்களைப் புதியவர்கள் நேரில் சந்திக்க வழிசெய்தது இச்சங்கத்தின் பெரும்பணி. எனினும் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. ஸ்டீபன்ஸ் தாமே கறுப்பின எழுத்தாளர்களைத் தேடி வெளியிட்டவர். இருந்தும் 1982 முதல் வழங்கப்பட்டுவந்த சங்கத்தின் ரீட்டா விருது கறுப்பினத்தவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது 2019இல்தான். அதே ஆண்டின் இறுதியில், நூல் ஒன்றின் இனச் சித்திரிப்பைக் குறைகூறிய உறுப்பினர் கோர்ட்னி மிலன் மீது சங்கம் நடவடிக்கை எடுத்தது. பெரும் எதிர்ப்பு எழுந்து நிர்வாகிகள் பதவி விலகினர். உறுப்பினர் தொகை வீழ்ந்தது. 2024இல் சங்கம் திவால் பாதுகாப்புக் கோரி விண்ணப்பித்தது.

பணம் பெறும் பதிப்பும் சுயபதிப்பும்

எழுத்தாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு நூல் வெளியிடும் நிறுவனங்கள், மறுப்பால் மனம் தளர்ந்தோரை எளிதில் ஈர்க்கின்றன. 2009 நவம்பரில் ஹார்லெக்வினே இத்தகைய பிரிவொன்றைத் தன் பெயரில் அறிவித்தது. மறுக்கப்பட்ட படிகளின் ஆசிரியர்களுக்கு அது பரிந்துரைக்கப்படும் என்பது தெரிந்ததும் எழுத்தாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. சில நாட்களுக்குள் அப்பிரிவின் பெயரிலிருந்து ஹார்லெக்வின் என்ற சொல் நீக்கப்பட்டது. பதிப்பகம் எழுத்தாளருக்குப் பணம் தர வேண்டுமே தவிர, எழுத்தாளர் பதிப்பகத்துக்குத் தரக்கூடாது என்பதே இதில் எளிய சோதனை.

சுயபதிப்பு இதனின்று வேறானது. அமேசான் நிறுவனம் 2007இல் கிண்டில் கருவியுடன் மின்னூல்களை ஆசிரியர்களே வெளியிடும் வசதியை அளித்தது. 2010 முதல் குறிப்பிட்ட விலை எல்லைக்குள் உள்ள நூல்களுக்கு 70 விழுக்காடு ராயல்டி வழங்குகிறது. காதல் புதின எழுத்தாளர்கள் இதற்கு மிக விரைவாக மாறினர். அட்டை, பிழைதிருத்தம், விளம்பரம் ஆகியவற்றின் செலவு முழுவதும் எழுத்தாளரைச் சேரும்.

இந்தியாவில்

மில்ஸ் அண்ட் பூன் நூல்கள் இந்தியாவில் நெடுங்காலமாக இறக்குமதியாகவும் வாடகை நூலகங்கள் வழியாகவும் படிக்கப்பட்டு வந்தன. 2008இல் இந்தியக் கிளை தொடங்கப்பட்டு நூல்கள் இங்கேயே வெளியிடப்பட்டன. கிளை நடத்திய சிறுகதைப் போட்டியில் 2009இல் மிலன் வோரா வெற்றி பெற்றார். விளம்பரத் துறையைச் சேர்ந்த இவர் இந்தியாவில் வாழும் முதல் மில்ஸ் அண்ட் பூன் எழுத்தாளராக அறியப்படுகிறார். 'தி லவ் ஆசனா' என்ற அவரது புதினம் 2010இல் வெளிவந்தது.