துக்கத்தோடு 88,000 கிலோமீட்டர்

கனடாவின் ரஷ் இசைக்குழு 1991-இல் ‘ரோல் த போன்ஸ்’ ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் டிரம்மர் நீல் பியர்ட்தான் அதன் பாடலாசிரியரும். வாழ்வில் பாதி தற்செயல். ஏன் எதற்கு என்று குடையாமல் துணிந்து இறங்கு என்பதே அந்தத் தலைப்புப் பாடலின் சாரம். நல்லபடி வாழ்ந்தால் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையும் அவருக்குள் இருந்தது.

1997 ஆகஸ்டில், பல்கலைக்கழகத்தில் சேர டொராண்டோவுக்குக் காரில் கிளம்பிய 19 வயது மகள் செலினா சாலை விபத்தில் இறந்தாள். பத்தே மாதத்தில் மனைவி ஜாக்கியும் போய்விட்டார். மருத்துவர்கள் சொன்ன காரணம் புற்றுநோய். மகளை இழந்த ஏக்கம்தான் என்பது பியர்ட்டின் எண்ணம். மகளின் இறுதிச் சடங்கன்றே, இனி தன்னைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று குழுவினரிடம் அவர் சொல்லியிருந்தார்.

அதன்பின் நடந்ததைச் சொல்லும் புத்தகம் ‘கோஸ்ட் ரைடர்’. 1998 ஆகஸ்டில் கியூபெக் ஏரிக்கரை வீட்டைப் பூட்டிவிட்டு பி.எம்.டபிள்யூ பைக்கில் கிளம்புகிறார். அலாஸ்கா, அமெரிக்கப் பாலைவனங்கள், மெக்சிகோ, பெலீஸ் என்று 14 மாதங்களில் சுமார் 88,000 கிலோமீட்டர். அழும் கைக்குழந்தையைக் காரில் வைத்துச் சுற்றினால் அடங்குமே, அப்படித்தான் தன் உயிரையும் ஓட்டி ஓட்டி அமர்த்தினேன் என்கிறார். பாடலில் எழுதிய தத்துவம் கைகொடுக்காத இடத்தில், சாலையும் வளைவும் மழையும் கைகொடுத்தன. இதை ஒளிக்காமல் சொல்லும் நேர்மைதான் புத்தகத்தின் பலம். எதிரே வரும் மகிழ்ச்சியான குடும்பங்களைப் பார்த்து எழும் எரிச்சலைக்கூட அவர் மறைக்கவில்லை.

2000-இல் மறுமணம். 2002-இல் இந்தப் புத்தகமும், அவர் மீண்டும் சேர்ந்துகொண்ட ரஷ்ஷின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ ஆல்பமும் வெளிவந்தன. 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் பியர்ட் காலமானார்.

புத்தகத்தின் பிற்பகுதியில் பக்கம் பக்கமாகக் கடிதங்கள். சொன்னதையே சொல்கின்றன, அலுப்பூட்டுகின்றன என்று தாண்டிவிடத் தோன்றும். தாண்டக் கூடாது. அவற்றில் பல, சிறைக்குப் போய்விட்ட பயணத் தோழர் ‘புரூட்டஸ்’ஸுக்கு எழுதியவை. அடைபட்டுக் கிடப்பவனைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று சாப்பாடு, விஸ்கி, பறவைகள், மோசமான ஓட்டல்கள் என எல்லாவற்றையும் கேலியும் வசவுமாக எழுதித் தள்ளுகிறார். பயணக் கதையில் அவர் இன்னும் துவண்டு கிடக்கும்போதே, கடிதங்களில் பழைய பியர்ட் தலைகாட்டத் தொடங்கிவிடுகிறார்.