துண்டுத் துணியும் நூல் கோனும் போதும்! மழலையருக்கு வீட்டிலேயே கற்றல் விளையாட்டுகள்

திருப்பூரில் கணவன், மனைவி இருவரும் பனியன் கம்பெனிக்குப் போகும் குடும்பங்கள் ஏராளம். டெய்லர், செக்கிங், பிசிறு வெட்டுதல், பேக்கிங் என்று ஏதோ ஒரு வேலை. ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவாகிவிடும். அதன் பிறகுதான் சமையல், துவையல் எல்லாம். அந்த நேரத்தில் அழும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் கையில் மொபைலைக் கொடுத்துவிடுவது எளிதாக இருக்கிறது. 'அறிவை வளர்க்கும்' பொம்மைகளோ விலை அதிகம். பிள்ளைக்கு நம்மால் எதுவும் செய்ய முடியவில்லையே என்று பல பெற்றோர் மனதுக்குள் வருந்துகிறார்கள்.

அந்த வருத்தம் தேவையில்லை. 3 வயது வரை குழந்தை பெரும்பாலும் மனிதர்களிடமிருந்தே கற்கிறது. எதிரில் உட்கார்ந்து பேசி விளையாட ஒருவர் இருந்தால், வீட்டில் கிடக்கும் எந்தப் பொருளும் பாடப் பொருளாகிவிடும்.

ஜமைக்காவில் கிடைத்த சான்று

கரீபியன் தீவு நாடான ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986-87ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. சாலி கிரந்தம்-மெக்ரிகர் தலைமையிலான குழு, ஏழைக் குடியிருப்புகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது. எல்லோரும் 9 முதல் 24 மாத வயதினர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் சென்று ஒரு மணி நேரம் இருந்தார். கையால் செய்த எளிய விளையாட்டுப் பொருட்களை வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். 2 ஆண்டுகள் இது நடந்தது.

20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அப்படி வளர்ந்தவர்களின் வருமானம், அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் 'சயின்ஸ்' இதழில் இம்முடிவு வெளியானது.

மொபைலைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். 2 வயது முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

சிறு பிள்ளையிடம் பேசுவது நமக்குப் புதிய பாடமல்ல. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர், பால்குடி மறந்த சின்னஞ்சிறு பிள்ளை. அவர் ஒரு குருவியோடு விளையாடுவார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போது அவரைப் பெயர் சொல்லி அழைத்து, குருவி என்ன ஆனது என்று விசாரிப்பார்கள். புகாரியில் இச்செய்தி இருக்கிறது. பிள்ளை எதில் ஆசை வைத்திருக்கிறதோ, அதைப் பற்றியே பேசுவதுதான் இதிலுள்ள அழகிய முன்மாதிரி.

என்ன செய்யலாம்?

துணி ஜோடி: கட்டிங் வேஸ்ட்டில் உள்ளங்கை அளவுத் துண்டுகளை, நிறத்துக்கு இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு வயதுப் பிள்ளை அவற்றை டப்பாவில் போட்டு எடுத்தாலே போதும்; நீங்கள் நிறத்தின் பெயரைச் சொல்லுங்கள். 2 வயதில் ஒரே நிறத்தை ஜோடி சேர்க்கும். 3 வயதில் நிறவாரியாகப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும். ரிப், ஃப்ளீஸ் துணிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி 'சொரசொரப்பு', 'மெத்துமெத்து' என்ற சொற்களைப் பழக்கலாம்.

துணிப் பந்து: பழைய சாக்ஸில் வேஸ்ட் துணியை அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். 'இப்போ அத்தா முறை, இப்போ உன் முறை' என்று மாற்றி மாற்றி உருட்டுங்கள். முறை வரும்வரை காத்திருப்பதும் ஒரு பாடம்தான்.

கோன் கோபுரம்: நூல் தீர்ந்த காகிதக் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். விழுந்தால் மறுபடி அடுக்கலாம். கைக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி.

டம்ளரும் மூடியும்: நீங்கள் சமைக்கும்போது, அடுப்பிலிருந்து தள்ளி, பெரியதும் சின்னதுமாக நான்கு டம்ளர்களைக் கொடுங்கள். எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் என்று தேடட்டும்.

துணி மடிப்பு: துவைத்த துணியை மடிக்கும்போது, 'அத்தா சட்டை எங்கே? உன் சட்டை எங்கே?' என்று கேளுங்கள். வேலையும் முடியும், பேச்சும் வளரும்.

ஒரு நாளுக்கு ஒரு விளையாட்டு, 10 அல்லது 15 நிமிடம் போதும். பிள்ளை சலித்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். பதில் சொல்லச் சற்று நேரம் கொடுங்கள். மழலையாகச் சொன்னாலும் திட்டாமல், அதே சொல்லைச் சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். வீட்டில் தமிழோ உருதோ, எது இயல்போ அதில் பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பாது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இவற்றைக் காட்டிக்கொடுங்கள்.

கவனம் தேவை

வேஸ்ட் துணியில் மெஷின் ஆயில் இருக்கலாம். துவைத்துக் காயவைத்த பிறகே கொடுக்க வேண்டும். பட்டன், ஊக்கு என 3 சென்டிமீட்டருக்கும் சிறிய எதுவும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பாலிதீன் கவர், நீண்ட எலாஸ்டிக், நூல் கட்டர் ஆகியவையும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விளையாடும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பது கட்டாயம்.

2 வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், 'தானாகப் பேசும்' என்று காத்திருக்காதீர்கள். அங்கன்வாடி பணியாளரிடமோ அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். 2 வயதைக் கடந்த குழந்தைகளை அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கும் சேர்க்கலாம்.

நாளை கம்பெனியிலிருந்து வரும்போது சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு கைப்பிடி வேஸ்ட் துணி கொண்டுவாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மொபைலை அலமாரியில் வைத்துவிட்டு, பாயில் பிள்ளையோடு கால் மணி நேரம் உட்காருங்கள். இன்ஷா அல்லாஹ், சில வாரங்களிலேயே அதன் பேச்சில் புதிய சொற்கள் சேர்வதை நீங்களே கேட்பீர்கள்.