வீட்டில் நாய் வாடையா? பினாயிலைத் தூக்கும் முன்...

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவர் ஒரு நொடி நிற்கிறார். மூக்கு லேசாகச் சுருங்குகிறது. சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அட, நாய் வளர்க்கறீங்களா?" என்கிறார்.

நாயோ பின்பக்கம் பால்கனியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பார்க்கவே இல்லை!

உங்களுக்குச் சுருக்கென்கிறது. 'நமக்கு ஒரு வாடையும் தெரியலையே!' நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதுதான். ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால், மூக்கு சில நிமிஷங்களிலேயே அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். சந்தேகமாக இருந்தால், அடுத்த தடவை ஊருக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பும்போது, கதவைத் திறந்ததும் இழுக்கிற முதல் மூச்சைக் கவனியுங்கள். அதுதான் விருந்தாளிக்குத் தெரிகிற உங்கள் வீடு.

விருந்தாளி போனதும் என்ன நடக்கும்? வாளித் தண்ணீரில் பினாயில் இரண்டு மூடிக்குப் பதில் நாலு மூடி விழும். சாம்பிராணி புகையும். நாயை இழுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டுவார்கள். இரண்டு நாளில் வாடை திரும்ப வரும். அப்புறம் மாமியார் ஆரம்பிப்பார்: "சனியனை யாருக்காவது கொடுத்துத் தொலைங்கப்பா!"

எங்கள் எதிர் ஃப்ளாட்டில் அப்படித்தான் நடந்தது. ஜிம்மி என்று ஒரு பொமரேனியன். ஒன்பது வயசு. இரண்டு மாதமாக வீடே நாறுகிறது என்று புகார். வாரத்துக்கு இரண்டு குளியல், போதாததற்கு டெட்டால் வேறு. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் கிராமத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. வீட்டுப் பெண் குழந்தை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அனுப்புகிறதற்கு முன்னால் ஊசி போட்டுவிடலாமே என்று டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஊசியை எடுக்குமுன் நாயின் மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைவாய்ப் பற்களில் பழுப்பு நிறத்தில் காரை, ஈறில் சீழ். "இந்த வாயால அது நாள் பூரா உடம்பை நக்கிக்கிட்டிருக்கு. நீங்க எத்தனை குளிப்பாட்டினாலும் அரை மணி நேரத்துல பழைய வாடைதான்" என்றார்.

மயக்கம் கொடுத்து நாலு பல்லைப் பிடுங்கி, மற்றதைச் சுத்தம் செய்தார்கள். வாடை போய்விட்டது. ஜிம்மி கிராமத்துக்குப் போகவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நல்ல ஆரோக்கியமான நாய் அவ்வளவாக நாறாது. அதற்கென்று ஒரு வாசனை உண்டு, நனைந்தால் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். மூக்கைப் பொத்த வைக்கிற நாற்றம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தேடாமல் வாசனை ஸ்ப்ரே அடிப்பது, ஜுரத்துக்கு விசிறுகிற மாதிரி!

முதலில் நாயை மோந்து பாருங்கள்

சிரிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். வாய், காது, பின்பக்கம், பாதம் என்று ஒவ்வோர் இடமாக மூக்கைக் கொண்டுபோங்கள்.

வாய் நாறினால் பெரும்பாலும் பல், ஈறு. ஆனால் மூச்சில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். பழவாசனை மாதிரி, நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி இருந்தால் சர்க்கரை நோய் முற்றியிருக்கலாம். இரண்டுக்கும் தாமதிக்காமல் டாக்டர்தான்.

காது மடிந்து தொங்குகிற லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் போன்ற நாய்களுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுதான் தலைவலி. உள்ளே காற்றோட்டம் இல்லை, ஈரம் காய்வதில்லை; ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகுகிறது. புளித்த வாடை, பழுப்பு அழுக்கு, தலையை அடிக்கடி உதறுவது, காலால் காதைச் சொறிவது. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். அழுக்கு இன்னும் உள்ளே போகும். டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தால் சரியாகக்கூடியது இது.

அழுகின மீன் வாடை வருகிறதா? ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு சின்னப் பைகள் உண்டு. அவற்றில் சுரப்பது வெளியேறாமல் அடைத்துக்கொண்டால் இந்த நாற்றம் வரும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். 'வயிற்றில் பூச்சி' என்று பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறோம். டாக்டர் அமுக்கி எடுத்துவிட்டால் அன்றைக்கே நிம்மதி.

இதில் இரண்டு விஷயம் மட்டும் அவசரம். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெண் நாய், 'ஹீட்' வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் சோர்ந்து போய், தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து, பின்பக்கம் நாற்றத்தோடு சீழ் மாதிரி கசிந்தால், கர்ப்பப்பையில் சீழ் என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, ஆண் பூனை. தொட்டியில் அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது அல்லது வரவே இல்லை என்றால், மூத்திரக் குழாய் அடைப்பு. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதே கூடாது. அன்றைக்கே கொண்டுபோங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் கல்லூரி உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள்.

குளியல்: எவ்வளவு, எப்படி?

வாரம் இரண்டு தடவை சோப்புக் குளியல் வேண்டவே வேண்டாம். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் அப்படி இல்லை. நம் சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒத்துவராது. தோலில் இருக்கிற இயற்கை எண்ணெய் போய், வறண்டு, சொறிந்து புண்ணாகி, அதிலிருந்து புது வாடை கிளம்பும். தோல் வியாதி இல்லாத நாய்க்கு மூன்று, நாலு வாரத்துக்கு ஒரு தடவை நாய் ஷாம்பு போட்டால் போதும். நடுவில் தினமும் பிரஷ் போடுங்கள். உதிர்ந்த முடி, அழுக்கு எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

குளிப்பாட்டுவதைவிடத் துவட்டுவதுதான் முக்கியம். நனைந்த நாய் ஏன் நாறுகிறது? முடியில் குடியிருக்கிற பாக்டீரியாவும் ஈஸ்டும் உண்டாக்கிய வாடைப் பொருட்கள், ஈரம் ஆவியாகும்போது கூடவே கிளம்புகின்றன. அதனால் பழைய டர்க்கி டவலால் அழுத்தித் துவட்டி, ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, வேர் வரை காய விடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வாக்கிங் போய் வந்தால் கால் விரல் இடுக்கையும் துடைத்துவிட மறக்காதீர்கள்.

தரையில் 'மூச்சா' போய்விட்டதா?

உடனே பார்த்துவிட்டால் அதிர்ஷ்டம். பழைய நியூஸ் பேப்பரையோ துணியையோ போட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். புதிதாகப் போன மூத்திரத்தில் அவ்வளவு நாற்றம் இல்லை. நேரம் ஆக ஆக, பாக்டீரியா அதில் இருக்கும் யூரியாவை அமோனியாவாக மாற்றுகிறது. அதுதான் குப்பென்று அடிப்பது. பூனை விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே! அதன் மூத்திரத்தில் ஃபெலினின் என்று ஒரு பொருள் உண்டு. அது சிதைந்து கந்தகம் கலந்த வாடையாக மாறுகிறது. ஆபரேஷன் செய்யாத கடுவன் பூனைக்கு இது மிக அதிகம். கடுவன் சுவரில் பீய்ச்சி 'இது என் இடம்' என்று கையெழுத்துப் போடுவதை நிறுத்துவதற்கும் கருத்தடை ஆபரேஷன்தான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

வினிகர் தெளிக்கலாம் என்று சொல்வார்கள். அமோனியாவை அது அடக்கும், வாஸ்தவம்தான். ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர். ஆனால் உங்கள் வீட்டுத் தரை என்ன தரை? மார்பிள், மொசைக், கடப்பாக் கல் என்றால் வினிகர், எலுமிச்சம்பழம் எதுவும் வேண்டாம். அமிலம் கல்லை அரித்து மெருகு போய்விடும். அரித்த இடம் அடுத்த தடவை இன்னும் நன்றாக உறிஞ்சும்!

எல்லாத் தரைக்கும் ஏற்றது, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம். வாடையை மூடாமல், வாடை தரும் பொருளையே உடைக்கும். ஊற்றி உடனே துடைத்துவிட்டு 'வேஸ்ட்' என்கிறவர்கள்தான் அதிகம். பாட்டிலில் எத்தனை நிமிஷம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நிமிஷம் அது ஈரமாகவே இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே பினாயில் போட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலம்பிவிட்டு ஊற்றுங்கள்.

பழைய கறை எங்கே என்று தெரியவில்லையா? கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டு, இரவில் விளக்கை அணைத்துவிட்டு சுவரோரம் அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மஞ்சள் பச்சையாக மினுங்கும். சோப்புக் கறையும் மினுங்கும். அதனால் குனிந்து மோந்து உறுதி செய்துகொள்ளுங்கள். சோபாவுக்குப் பின்னால் ஒரு மாநிலமே தெரியக்கூடும்!

நாயின் மூக்கை அதில் தேய்த்து அடிக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாவம், அதற்கு ஒன்றும் புரியாது. நீங்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் போனால் தொற்றா, சர்க்கரையா, வயசா என்று பாருங்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை பூட்டி வைத்தால் அது என்னதான் செய்யும்?

பினாயில் - ஜாக்கிரதை!

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பினாயில் வகைகளில் பீனால் சேர்ந்த பொருட்கள் இருக்கின்றன. டெட்டாலில் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். நம் கல்லீரல் இவற்றைச் செரித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. ஈரத் தரையில் நடக்கும், பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போகும். எச்சில் ஒழுகுவது, தள்ளாடுவது, வாயில் புண் என்று ஆரம்பிக்கும். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் வேண்டாம் என்றே சொல்வேன். நாய் வீட்டிலும் தரை நன்றாகக் காயும்வரை உள்ளே விடாதீர்கள். சாதாரண சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை துடைத்தால் போதும்.

மூத்திரத்தின் மேல் பிளீச்சிங் பவுடர் தூவுவது அதைவிட மோசம். அமோனியாவும் குளோரினும் சேர்ந்து, கண்ணை எரித்து நெஞ்சை அடைக்கிற வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடரோடு வினிகர் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். வீட்டில் வீசிங் குழந்தையோ வயசானவர்களோ இருந்தால் கேட்கவே வேண்டாம். சாம்பிராணிப் புகையும் அவர்களுக்கு ஆகாது. சோபா இடுக்கில் அந்துருண்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாய் அதை மிட்டாய் மாதிரி விழுங்கிவிடும். அது விஷம்.

துணியும் மெத்தையும்

வாடையில் பாதி நாயிடம் இல்லை, அது படுக்கிற துணியில் இருக்கிறது. கோணிச்சாக்கு, பழைய போர்வை எதுவானாலும் வாரம் ஒரு தடவை தோய்த்து வெயிலில் போடுங்கள். கழுத்துப் பட்டையையும் சேர்த்து! சோபா, மெத்தை என்றால் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வேக்குவம் போட்டோ பிரஷ்ஷால் தட்டியோ எடுங்கள். நாய் அதை நக்காமல் கதவைச் சாத்தி வையுங்கள். மொட்டை மாடி வெயில் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் பஞ்சுக்குள் மூத்திரம் ஆழமாக இறங்கியிருந்தால் வீண் முயற்சி வேண்டாம். மழைக்காலம் வந்து காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி கிளம்பும். ஸ்பாஞ்சை மட்டும் மாற்றித் தரச் சொல்லிக் குஷன் தைப்பவரிடம் கேளுங்கள். புது சோபாவைவிட மலிவு.

பூனைத் தொட்டியும் பிள்ளைத்தாய்ச்சியும்

பூனைத் தொட்டியைத் தினமும் அள்ள வேண்டும். அழுக்குத் தொட்டி என்றால் பூனை உங்கள் துணிக்கூடையைத் தேடிப் போகும். பூனைகள் எத்தனையோ, அதைவிட ஒரு தொட்டி கூட வைத்தால் நல்லது.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வரப்போகிறாள் என்றதும், "முதல்ல பூனையை விரட்டு" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரலாம். வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கலாம். ஆனால் சரியாக வேகாத இறைச்சி, மண் ஒட்டிய காய்கறி வழியாகவும் அதே கிருமி வருகிறதே! மலத்தில் வெளியேறியதும் உடனே அது தொற்றுவதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆகவே தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்ய வேண்டாம். அப்பாவோ தம்பியோ கையுறை போட்டுக்கொண்டு அள்ளி, கையை சோப்பால் கழுவிக்கொள்ளட்டும். பூனை பாட்டுக்கு ஜன்னலோரம் படுத்திருக்கட்டும்.